பெயர் விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க

1922 மே 30. வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கனுக்குக் கட்டிய பளிங்கு மண்டபத்தின் திறப்பு விழா. அடிமைகளுக்கு விடுதலை தந்தவர் என்று உலகம் போற்றும் மனிதருக்கு அவருடைய நாடே எடுத்த விழா. அந்த விழாவில் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வெள்ளையரோடு கலந்துவிடாதபடி தனியாக ஒதுக்கி உட்கார வைத்தார்கள். மேடையில் பேச ஒரே ஒரு கறுப்பருக்கு வாய்ப்புக் கிடைத்தது: டஸ்கிகீ கல்வி நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் மோட்டன். அவர் எழுதிய உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, காரமான இடங்களையெல்லாம் கத்தரித்துவிட்டுத்தான் பேச விட்டார்கள். வந்தோமா, நன்றி சொன்னோமா, இறங்கினோமா என்று இருக்க வேண்டும். கணக்குக் கேட்கக் கூடாது.

சரி, நன்றியே சொல்வோம். நம் ஊரில் எந்த விழாவானாலும் கடைசியில் ஒருவர் எழுந்து, தலைவரிலிருந்து பந்தல்காரர், மைக்செட்காரர் வரை ஒருவர் பெயரும் விடாமல் நன்றி சொல்லி முடிப்பது மரபு. அமெரிக்கா 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களைச் சாகக் கொடுத்தது. ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகளின் விலங்கைக் கழற்றியது. இவ்வளவு பெரிய விழாவுக்கு முறையான நன்றியுரை இதுவரை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. எல்லா மாலையும் லிங்கன் ஒருவர் கழுத்திலேயே விழுந்து கிடக்கிறது. உழைத்தவர்கள் பலர் வாடிய முகத்தோடு பின்வரிசையில் நிற்கிறார்கள். பொன்னாடைகள் தயாராக உள்ளன. ஒவ்வொருவராக மேடைக்கு வரவும்.

முதல் பொன்னாடை, 1787-இல் அரசியல் சட்டம் எழுதிய பெரியோர்களுக்கு. சுதந்திரத்தின் பேரால் கூடியவர்கள், அடிமையை மக்கள்தொகைக் கணக்கில் ஐந்தில் மூன்று பங்கு ஆளாகச் சேர்த்தார்கள். அந்த மூன்று பங்குக்கும் வாக்கு கிடையாது. அதனால் கூடும் பிரதிநிதிகளின் எண்ணிக்கை மட்டும் எஜமானுக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் பிடித்து வருவதை 1808 வரை யாரும் தடுக்கக் கூடாது என்றார்கள். தப்பி ஓடியவரைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டார்கள். இத்தனையும் செய்துவிட்டு 'அடிமை' என்ற சொல் சட்டத்தில் எங்கும் தலைகாட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். வெட்கம் இருந்திருக்கிறது; அதை எழுத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது பொன்னாடை, 1861 தொடக்கத்தில் வாஷிங்டனில் கூடியிருந்த நாடாளுமன்றத்துக்கு. அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்தை எல்லோருக்கும் தெரியும். அதற்கு நான்கு ஆண்டு முன்னால் வேறொரு 13-ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, தெரியுமா? அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதன் மேல் கை வைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு எக்காலத்திலும் தரக்கூடாது என்பது அதன் சாரம். முன்னின்று நடத்திய ஓஹையோ உறுப்பினர் தாமஸ் கார்வினின் பெயரால் அதை அழைக்கிறார்கள். தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தன. அவர்களைச் சமாதானப்படுத்த வடக்கு கொடுக்க முன்வந்த விலை இது. இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு பெற்று 1861 மார்ச் 2-இல் நிறைவேறியது. இரண்டு நாள் கழித்துப் பதவியேற்ற லிங்கன், அதை வெளிப்படையாகவும் மாற்ற முடியாததாகவும் ஆக்குவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று பதவியேற்பு உரையிலேயே சொன்னார். கென்டக்கி, ஓஹையோ போன்ற சில மாநிலங்கள் ஒப்புதலும் அளித்தன.

அடிமைமுறை யுகயுகமாக நீடிக்க எழுதிக் கொடுத்த பட்டா அது. தெற்கின் பண்ணையார்கள் அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இருக்கும் இடத்தில் காப்பாற்றிக் கொடுத்தால் போதாது. மேற்கே புதிதாகத் திறக்கும் நிலங்களிலும் அடிமைகளைக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்றார்கள். பிரிந்ததற்கான காரணத்தையும் மறைக்கவில்லை. தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு பிரிக்க முடியாதபடி ஒன்றியது என்று மிசிசிப்பி தன் பிரிவினை அறிக்கையில் எழுதியது. தெற்குக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமில்லை என்பதே தம் அரசின் மூலைக்கல் என்று சவானா நகர மேடையில் முழங்கினார். பிறகு ஏப்ரல் 12-இல் சம்ட்டர் கோட்டை மேல் பீரங்கியைத் திருப்பினார்கள்; போர் தொடங்கியது.

ஆக மூன்றாவது பொன்னாடை யாருக்கு என்று நானே சொல்ல வேண்டியதில்லை. அடிமைமுறையை ஒழித்ததில் அடிமை எஜமானர்களின் பேராசைக்கு ஈடாக உழைத்தது வேறொன்றும் இல்லை. அவர்கள் கொஞ்சம் குறைவாக ஆசைப்பட்டிருந்தால் இன்று நாம் கொண்டாடும் திருத்தம் வேறாக இருந்திருக்கும்.

போர் தொடங்கிய பிறகாவது வடக்குக்கு அறம் உறைத்ததா? 1861 ஜூலையில் இரு சபைகளும் ஏறத்தாழ ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டன: இந்தப் போர் ஒன்றியத்தைக் காக்க மட்டுமே, மாநிலங்களில் நிலைபெற்ற ஏற்பாடுகளைக் கவிழ்க்க அல்ல. நிலைபெற்ற ஏற்பாடு! ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துத் தனியாக ஏலம் விடுவதற்கு இதைவிடப் பவ்வியமான பெயரை எந்தத் தலைமைச் செயலகமும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் மூன்று பேர் அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே நுழைகிறார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். வர்ஜீனியாவில் சார்லஸ் மல்லோரி என்ற தெற்குப் படைக் கர்னலின் உடைமைகள். வடக்குப் படையைச் சுடப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை இறக்கியிருந்தார்கள். இன்னும் தெற்கே, மனைவி மக்களை விட்டுத் தூரமாக அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1861 மே 23 இரவு ஒரு படகில் ஏறி நீரைக் கடந்து, வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டை வாசலில் போய் நின்றார்கள்.

மறுநாளே எஜமானின் சார்பில் மேஜர் கேரி என்பவர் வெள்ளைக் கொடியோடு வந்துவிட்டார். ஒன்றியம் வேண்டாம் என்று பிரிந்தவர்கள்; ஆனால் ஓடிய அடிமையைத் திருப்பித் தரச் சொல்லும் ஒன்றியத்தின் சட்டம் மட்டும் வேண்டும். கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழில்முறை வக்கீல். வர்ஜீனியா தனி நாடு என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிச் செல்லும் என்று மடக்கினார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் குதிரை, வண்டி, வெடிமருந்து எல்லாம் பறிமுதலுக்கு உரியவை. இந்த மூவரும் அப்படியே என்று தீர்ப்புச் சொன்னார். மேஜர் வெறுங்கையோடு திரும்பினார்.

பட்லருக்குப் பொன்னாடை உண்டு, சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர் வாதத்தை ஒரு முறை உரசிப் பாருங்கள். இவர்கள் மனிதர்கள், ஆகவே தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. இவர்கள் பொருள்தான், இப்போது என் பொருள் என்றார். அந்த ஆகஸ்டில் வந்த பறிமுதல் சட்டமும் அதே தடத்தில் போனது: அடிமையைப் போர் வேலைக்கு அனுப்பிய எஜமான் அவர் மீதான உரிமையை இழப்பான். கவனியுங்கள், சட்டம் பேசுவது எஜமானிடம். அடிமைக்கு விடுதலை என்பது அவருடைய பிறப்புரிமை அல்ல. எஜமான் செய்த துரோகத்துக்கு அரசு போடும் அபராதம். அபராதத் தொகையாக ஒரு மனிதர். இந்தப் போரில் வாஷிங்டன் எழுதிய விடுதலைத் தாள்கள் பலவற்றிலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

படகில் வந்தவர்கள் மூன்று பேர். சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் குழந்தை குட்டிகளோடு அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். வடக்குப் படை எங்கே கூடாரம் அடித்தாலும் விடியும்போது வாசலில் ஒரு கூட்டம் நின்றது. அடிமைமுறையைப் பற்றி இந்தப் போரில் பேச்சே இல்லை என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க, அந்த மக்கள் மூட்டையோடு வந்து நின்று, வேறு பேச்சே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

அடுத்து கென்டக்கி மாநிலம். பிரியாமல் ஒன்றியத்தோடு இருந்த அடிமை மாநிலங்களில் முக்கியமானது. ஒன்றியத்துக்கு விசுவாசம், அடிமைகள் இரண்டேகால் லட்சம் பேர். இரண்டுக்கும் அதற்கு முரண்பாடு தெரியவில்லை. 1861 ஆகஸ்டில் தளபதி ஃபிரீமான்ட், மிசூரியில் கலகக்காரர்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். லிங்கன் அந்த அறிவிப்பை வெட்டிக் குறைத்தார். மறு ஆண்டு மே மாதம் தளபதி ஹன்டர், ஜார்ஜியா, ஃப்ளோரிடா, தென் கரோலினா மூன்றுக்கும் சேர்த்து விடுதலை அறிவித்தார். அதையும் ரத்து செய்தார். கென்டக்கியை இழப்பது ஏறக்குறைய ஆட்டத்தையே இழப்பது என்று நண்பருக்கு எழுதினார். போர்க் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். அந்தக் கணக்கு முடியும் வரை கொல்லைப்புறத்தில் சவுக்கடி வாங்கியவருக்கு அதை யார் போய் விளக்கினார்கள்?

இப்போது ஒரு சிறப்பு விருந்தினர். 1862 ஏப்ரல் 16-இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தின் நிழலிலேயே அதுவரை அடிமைகள் இருந்தார்கள். சட்டப்படி அரசு இழப்பீடு கொடுக்கும். அடிமைக்கா? பரம்பரையாகக் கூலி இல்லாமல் உழைத்தவருக்கா? சேச்சே. விசுவாசப் பிரமாணம் செய்யும் எஜமானுக்கு, தலைக்குச் சராசரி 300 டாலர் மிகாமல். விடுதலை பெற்றவருக்கும் ஒரு சலுகை இருந்தது: ஹைட்டிக்கோ லைபீரியாவுக்கோ ஓடிப்போகச் சம்மதித்தால் 100 டாலர் வரை. வைத்திருந்தவனுக்கு 300, நாட்டை விட்டுத் தொலைபவருக்கு 100, இருந்த இடத்திலேயே வாழ நினைப்பவருக்குப் பூச்சியம்.

ஏறத்தாழ 3,100 பேருக்கு விலை நிர்ணயிக்க வேண்டும். அதிகாரிகளுக்கு மனித விலை தெரியாது. ஆகவே பால்டிமோரிலிருந்து அனுபவசாலியான ஓர் அடிமை வியாபாரியை வரவழைத்தார்கள். வாயைத் திற, பல்லைக் காட்டு, கையை நீட்டு. சந்தையில் விற்கப் பார்த்த அதே கண், இப்போது விடுவிக்கப் பார்த்து மதிப்புப் போட்டது. திருட்டுச் சொத்தை மீட்கும்போது மதிப்பீட்டுக்குத் திருடனையே அழைத்துச் சம்பளமும் கொடுத்த அரசு வேறு எங்கே உண்டு? அந்த வியாபாரிக்கு இரட்டைப் பொன்னாடை.

இதே ஏற்பாட்டை டெலாவேர் மாநிலத்துக்கும் லிங்கன் சொல்லிப் பார்த்தார். அங்கே இருந்த அடிமைகள் 1,800 பேர்கூட இல்லை. பணம் தருகிறோம், மெல்ல மெல்ல விட்டுவிடுங்கள் என்றார். மறுத்துவிட்டார்கள். லாபத்துக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால், லாபம் தந்தாலும் விடவில்லை. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற சுகத்துக்கு எந்தக் கருவூலம் விலை கொடுக்க முடியும்? இந்த நோய் தமிழ் வாசகர்களுக்குப் புரியாத நோய் அல்ல.

1862 ஆகஸ்ட் 14. வெள்ளை மாளிகைக்குக் கறுப்பினப் பிரதிநிதிகள் ஐந்து பேரை லிங்கன் அழைத்தார். கொள்கை விஷயம் பேச ஓர் அதிபர் கறுப்பர்களை அழைப்பது அதுவே முதல் முறை என்பார்கள். பேசிய விஷயம்: நீங்கள் போய்விட வேண்டும். உங்கள் இனம் எங்கள் நடுவே இல்லாவிட்டால் இந்தப் போரே இராது. நாம் பிரிந்து வாழ்வதே இருவருக்கும் நல்லது. மத்திய அமெரிக்காவில் நிலக்கரி இருக்கிறது, போய்க் குடியேறுங்கள். கடத்திக்கொண்டு வந்தவர்களின் பேரன், கடத்தப்பட்டவர்களின் பேரன்களைப் பார்த்து, உங்களால்தான் எங்களுக்குள் சண்டை என்கிறார். வீடு தேடி வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல எவ்வளவு நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார், பாருங்கள்.

வெறும் பேச்சோடும் நிற்கவில்லை. 1863-இல் ஒரு குத்தகைக்காரனை நம்பி, சுமார் 450 பேரைக் கப்பலேற்றி ஹைட்டியை ஒட்டிய வாஷ் என்ற தீவுக்கு அனுப்பினார்கள். நோயும் பசியும் பலரைத் தின்றன. மறு ஆண்டு அரசே கப்பல் அனுப்பி மிச்சமிருந்தவர்களைத் திருப்பி அழைத்துவந்தது.

அந்த வெள்ளை மாளிகைச் சந்திப்பு நடந்து எட்டாம் நாள், பத்திரிகையாளர் ஹொரேஸ் கிரீலிக்கு லிங்கன் எழுதிய பகிரங்கக் கடிதம் புகழ்பெற்றது. ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படியே காப்பேன். எல்லோரையும் விடுவித்துத்தான் காக்க முடியும் என்றால் விடுவிப்பேன் என்றார். அப்போது விடுதலைப் பிரகடனத்தின் வரைவு அவர் மேசைக்குள் தயாராக இருந்தது. ஜூலை 22-இலேயே அமைச்சரவையில் படித்துக் காட்டியிருந்தார். இப்போது வெளியிட்டால் தோற்கும் அரசின் கடைசி அலறல் போலத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சீவர்ட் தடுத்திருந்தார். ஆகவே வெற்றி வரும் வரை 40 லட்சம் பேர் காத்திருக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம் சண்டை. ஒரே பகலில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 23,000 பேர் செத்தார்கள், காயமடைந்தார்கள், காணாமல் போனார்கள். அதை வெற்றி என்று எழுதிக்கொண்டு ஐந்தாம் நாள் முன்னறிவிப்பு வெளியானது. முகூர்த்தம் அமைந்துவிட்டது.

1863 ஜனவரி 1. பிரகடனம் வந்தது. அதைப் பாராட்டுபவர்கள் பலர், படித்தவர்கள் சிலர். கலகம் செய்யும் பகுதிகளில் உள்ள அடிமைகளுக்கு மட்டுமே விடுதலை. கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலாவேரில் இல்லை. அவை விசுவாசமான மாநிலங்கள். டென்னசியில் இல்லை. லூசியானாவில் வடக்குப் படை பிடித்துவிட்ட 13 வட்டாரங்களில் இல்லை. பெயர் பெயராகப் பட்டியல் போட்டு விலக்கியிருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவாக ஆகப்போகும் 48 வட்டாரங்களில் இல்லை. அதாவது அரசின் கை எட்டும் இடத்தில் பெரும்பாலும் அடிமைமுறை தொடரும். எட்டாத இடத்தில் உடனடியாக ஒழிகிறது.  மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருக்கக் கூடாது என்பதல்ல, அமெரிக்காவுக்கு விசுவாசமாக இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் இவர்கள் கொள்கை என்று லண்டன் பத்திரிகை ஒன்று அப்போதே குத்திக் காட்டியது. இன்னொரு வரியும் உண்டு: விடுதலை பெறுவோர் வன்முறையில் இறங்காமல், நியாயமான கூலிக்கு விசுவாசமாக உழைக்கும்படி அறிவுரை. இருநூறு ஆண்டுக்கு மேல் கூலியில்லாமல் உழைத்தவர்களிடம் சோம்பலைப் பற்றி எச்சரிக்கை! எஜமான்களுக்கு அப்படி ஓர் அறிவுரை இருக்கிறதா என்று தேடினேன், காணோம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாளுக்குப் பிறகு வடக்குப் படை எடுத்துவைத்த ஒவ்வோர் அடியும் விடுதலையின் அடியாக மாறியது. கறுப்பர்கள் படையில் சேரவும் அது கதவைத் திறந்தது. ஆனால் அந்தக் கதவுக்குள் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடுவோம்.

தரைப்படையில் சுமார் 1,79,000 கறுப்பர்கள், கடற்படையில் சுமார் 19,000 பேர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடைக்குத் தனிப்படி. கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதில் உடைக்காக 3 டாலர் பிடித்தம். துப்பாக்கிக் குண்டு மட்டும் இருவருக்கும் ஒரே அளவு. தெற்கின் கையில் சிக்கினாலோ கைதி என்ற மரியாதையும் கிடையாது. 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில் சரணடைந்தவர்களையே வெட்டிச் சாய்த்தார்கள். தென் கரோலினா மூன்றாம் கறுப்பினப் படையின் சார்ஜண்ட் வில்லியம் வாக்கர், வாக்களித்த சம்பளம் வரும் வரை வேலை இல்லை என்று தன் ஆட்களோடு துப்பாக்கியைக் கீழே வைத்தார். கலகம் என்று ராணுவ நீதிமன்றம் விசாரித்து, 1864 பிப்ரவரி 29-இல் சுட்டுக் கொன்றது. வாக்களித்த கூலி இல்லாமல் வேலை செய்ய மாட்டேன் என்று சொன்னதற்காக, அடிமைமுறையை எதிர்த்துப் போரிட்ட படை ஒரு முன்னாள் அடிமையைக் கொன்றது. நான்கு மாதத்துக்குள் நாடாளுமன்றம் சமச் சம்பளச் சட்டம் போட்டது. வாக்கருக்கு அந்த நாலு மாதம் இல்லை. போரில் மாண்ட கறுப்புச் சிப்பாய்கள் சுமார் 40,000, பெரும்பாலோர் நோயில்.

வடக்கின் தெருக்களுக்கும் ஒரு மாலை போட வேண்டும். 1863 ஜூலையில் நியூயார்க்கில் கட்டாயப் படைச் சேர்ப்புத் தொடங்கியது. 300 டாலர் கட்டினால் விலக்கு. தலைநகரில் ஓர் அடிமைக்குப் போட்ட அதே 300; பணக்காரன் மகன் உயிருக்கும் அதே விலை. கட்ட வழியில்லாத வெள்ளைத் தொழிலாளிகள் கொதித்து எழுந்தார்கள். எழுந்தவர்கள் அந்தச் சட்டம் போட்டவர்கள் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்துக்குப் போய்த் தீ வைத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பின்வாசல் வழியாக உயிர் தப்பினார்கள். தெருவில் அகப்பட்ட கறுப்பர்களை விளக்குக் கம்பங்களில் தொங்கவிட்டார்கள்.

தெற்கில் 20 அல்லது அதற்கு மேல் அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையனுக்குப் படையிலிருந்து விலக்கு. அதுவும் 1862 முதல் சட்டமாகவே இருந்தது. அடிமைமுறைக்காகச் சாக வேண்டியவன் அடிமை இல்லாத ஏழை வெள்ளையன். கடைசியில் ஆள் தீர்ந்துபோய், அடிமைகள் கையிலேயே துப்பாக்கி கொடுக்க 1865 மார்ச்சில் சட்டம் போட்டார்கள். அடிமைகள் நல்ல சிப்பாய்களாகிவிட்டால் நம் கோட்பாடு முழுதும் தவறு என்று ஆகிவிடுமே என்று ஜார்ஜியாவின் ஹவல் காப் அலறினார். அவருக்குத் தனி நன்றி. அந்தப் பக்கத்தில் உண்மையை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் வேறு எவரும் இல்லை.

இனி முக்கிய நிகழ்ச்சி: 13-ஆவது திருத்தம். 1864 ஏப்ரலில் செனட் 38-க்கு 6 என்று நிறைவேற்றியது. ஜூனில் பிரதிநிதிகள் சபையில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்தது. போர் தொடங்கி மூன்று ஆண்டு, லட்சக்கணக்கில் பிணம், அப்போதும் வேண்டாம் என்று கை தூக்கிய உறுப்பினர்கள் 65 பேர். மறுபடி கொண்டுவந்தபோது பதவி ஆசை காட்டி ஆட்களை இழுத்தார்கள். தெற்கிலிருந்து சமாதானத் தூதர்கள் வருகிறார்கள் என்ற வதந்தி வாக்கெடுப்பைக் கவிழ்க்கப் பார்த்தது. தமக்குத் தெரிந்தவரை தலைநகரில் தூதர்கள் யாரும் இல்லை, வரும் சாத்தியமும் இல்லை என்று லிங்கன் ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினார். அட்சரம் பிசகாத உண்மை. தூதர்கள் தலைநகருக்கு வரவில்லை. மன்ரோ கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று அடிமைகள் படகில் வந்து சேர்ந்த அதே கோட்டைக்கு. வந்த தூதர்களில் முதல்வர், மூலைக்கல் பேச்சுப் பேசிய அதே ஸ்டீபன்ஸ். 1865 ஜனவரி 31-இல் 119-க்கு 56. கூடம் அதிர்ந்தது, அழுதார்கள், தொப்பிகள் பறந்தன.

அந்தத் திருத்தத்துக்கு ஒரு வால் உண்டு. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று தெளிவாக எழுதுவோம் என்று செனட்டர் சார்லஸ் சம்னர் மன்றாடினார். பழைய வாசகமே போதும் என்று அவரை உட்கார வைத்தார்கள். 1787-இன் நிலப்பகுதிச் சட்டம் ஒன்றிலிருந்து எடுத்த அந்தப் பழைய வாசகத்தின்படி அடிமைமுறையும் கட்டாய உழைப்பும் இந்த நாட்டில் இருக்கக் கூடாது. முறைப்படி குற்றம் நிரூபிக்கப்பட்டவருக்குத் தண்டனையாகத் தவிர.

போர் முழுக்க எஜமானைத் தண்டிப்பதற்காக அடிமைக்கு விடுதலை கொடுத்தவர்கள், போர் முடியும் தறுவாயில் தண்டனை என்ற பெயரில் அடிமைமுறையையே பத்திரப்படுத்தி வைத்துவிட்டார்கள். கணக்குச் சரியாக முடிந்தது.

அந்த வாலைப் பிடித்துக்கொள்ளத் தெற்குக்கு அதிக நாள் ஆகவில்லை. 1865 ஜூன் 19-இல் டெக்சாசின் கால்வெஸ்டனில் தளபதி கிரேஞ்சர் விடுதலையை அறிவித்தார். இன்று அது தேசிய விடுமுறை. அதே ஆணை, அவரவர் இருந்த வீட்டிலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், சும்மா உட்கார்ந்திருக்க விடமாட்டோம் என்றும் சொன்னது. கடலோரத்தில் தளபதி ஷெர்மன் 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுத்த நிலங்களை, லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் மன்னிக்கப்பட்ட கலகக்காரர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். நவம்பரில் மிசிசிப்பி சட்டம் போட்டது: ஒவ்வொரு ஜனவரியிலும் கறுப்பர் தமக்கு வேலை இருப்பதற்கு எழுத்து ஆதாரம் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஊர்சுற்றி என்று அபராதம். கட்ட முடியாவிட்டால், கட்டுபவனிடம் வேலைக்கு விடப்படுவார். வேலை இல்லாதது குற்றம். குற்றம் நிரூபணமானால் வேலை நிச்சயம், கூலி இல்லாமல். பிறகு சிறைக் கைதிகளைச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் தோட்டத்துக்கும் குத்தகைக்கு விட்டார்கள். அலபாமாவில் அது 1928 வரை நடந்தது. அடிமை செத்தால் எஜமானுக்கு நஷ்டம். குத்தகைக் கைதி செத்தால் சிறை இன்னொருவரை அனுப்பும்.

லூசியானாவில் அங்கோலா என்றொரு சிறை இருக்கிறது. முன்பு ஐசக் ஃபிராங்க்ளின் என்ற பெரிய அடிமை வியாபாரியின் தோட்டங்கள் இருந்த நிலம். சுமார் 18,000 ஏக்கர். இன்றும் கைதிகள் வரிசையாக நின்று வயலில் வேலை செய்கிறார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். குதிரை மேல் துப்பாக்கியோடு காவலர்கள். கூலி மணிக்குச் சில சென்ட். விடுதலைக்குப் பிறகு அங்கே மாறியது பெயர்ப்பலகை.

நம் நாட்டிலிருந்தும் ஒரு நன்றி போயிருக்கிறது. 1873-இல் ஜோதிராவ் ஃபுலே தமது 'குலாம்கிரி' நூலை, கறுப்பர்களின் விடுதலைக்காகத் தன்னலம் பாராமல் உழைத்தவர்கள் என்று அமெரிக்காவின் நல்ல மக்களுக்கு அர்ப்பணித்தார். சூத்திரரையும் தீண்டத்தகாதோரையும் பிடித்திருந்த விலங்கைத் தெரிந்த மனிதர் அவர். எங்கோ ஒரு விலங்கு உடைந்தது என்று கேட்டதும் மனம் நிறைந்து வாழ்த்தியிருக்கிறார். அந்த நன்றியில் குறை இல்லை. முகவரிதான் இன்னும் குறிப்பாக இருந்திருக்கலாம். தன்னலம் பாராத நல்லவர்கள் அங்கே இருந்தார்கள். ஃபிரெடரிக் டக்ளஸ் முதல் ஹேரியட் டப்மன் வரை, தாங்களே தப்பி வந்து மற்றவர்களுக்காகத் திரும்பிப் பார்த்தவர்கள். அரசின் வாசலில் மூட்டையோடு நின்றவர்கள். சம்பளம் கேட்டுச் செத்தவர்கள். அவர்கள் யாரும் விடுதலையைப் பெற்றுக்கொள்ளவில்லை. அரசை இழுத்துக்கொண்டு வந்து அதில் கையெழுத்துப் போட வைத்தார்கள். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று இந்த இடத்தில் சொல்வது வழக்கம். 1860-இன் குடிக்கணக்கில் அடிமைகளைப் பெயர் இல்லாமல் வயது, பால், நிறம் என்று குறித்துக்கொண்டு, எஜமானின் பெயருக்குக் கீழே எண்ணி வைத்தார்கள். ஏறத்தாழ 40 லட்சம் பேரின் பெயரும் விடுபட்டிருக்கிறது. பொறுத்தருள்வதற்கு இல்லை.

அந்த 13-ஆவது திருத்தத்துக்கு கென்டக்கி ஒப்புதல் தந்த ஆண்டு 1976. மிசிசிப்பி 1995-இல் தந்தது. தாளை உரிய அலுவலகத்தில் சேர்க்க மறந்துபோய், 2013-இல் சேர்த்தது. வாலை வெட்டும் வேலையும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கொலராடோ 2018-இல் தன் மாநிலச் சட்டத்திலிருந்து அந்த விலக்கை நீக்கியது. 2022-இல் அலபாமா, டென்னசி, ஆரகன், வெர்மான்ட் மக்கள் இத்தகைய மாற்றங்களுக்கு வாக்களித்தார்கள். அங்கோலா இருக்கும் லூசியானாவில் வாசகம் குழம்பி, கொண்டுவந்தவரே எதிர்க்க, தோற்றது.

2024 நவம்பரில் கலிபோர்னியாவின் முறை. 1850-இல் அடிமையற்ற மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. உலகுக்கு முற்போக்கு பேசுவது. காட்டுத் தீயை அணைக்கத் தன் கைதிகளைச் சொற்பக் கூலிக்கு அனுப்பிவந்தது. குற்றத்துக்குத் தண்டனையாகவும் கட்டாய உழைப்பு கூடாது என்று எழுதலாமா என்று மக்களைக் கேட்டார்கள். பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். கென்டக்கியைச் சமாளிக்க வேண்டிய அவசியம் அன்றைக்கு இல்லை. ஆன்டீட்டத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பதவி காட்டி யாரையும் இழுக்க வேண்டியதில்லை, ஒரு துப்பாக்கியும் வெடிக்க வேண்டியதில்லை. வாக்குச் சீட்டில் ஒரு கோடு போட்டால் போதும் என்றிருந்தது. அந்தக் கோட்டைப் போட அவர்களுக்குக் கை வரவில்லை.